வக்காலத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

விவாகரத்து என்று முடிவானதும் வீட்டில் கூடிப் பேசியபோது முதலில் வந்த கேள்வி, "கோர்ட்டுல நம்மாளு யாரு இருக்கா?" என்பதுதான். பெரியப்பாவிடம் பதில் தயாராக இருந்தது. கரூரில் அவருடைய வயல் தகராறைப் பல வருடங்களாக நடத்திவரும் வக்கீல். ஒருவகையில் சொந்தமும்கூட. "வெளியாளுகிட்ட வீட்டு விஷயத்தைக் கொட்ட முடியுமா?" என்றார் பெரியப்பா. அம்மாவுக்கும் அது நியாயமாகப் பட்டது.

நான் திருச்சியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணம் நடந்தது கரூரில், குடித்தனம் கோயம்புத்தூரில். மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்து ஒரு வருடம் தாண்டியிருந்தது. இனி சேர்ந்து வாழ்வதில்லை என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. ஆனால் வக்கீலை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது. எங்கள் பரம்பரையில் கோர்ட் படி ஏறியவர்கள் எல்லோரும் நிலத்துக்காக ஏறியவர்கள்.

கரூர் வக்கீல் பெரியப்பாவைப் பார்த்தேதான் பேசினார். என்னைப் பார்த்துக் கேட்டது ஒரே கேள்வி, எத்தனை பவுன் போட்டீங்க என்று. மற்றதெல்லாம் திட்டம். "மகளிர் ஸ்டேஷன்ல ஒண்ணு, டி.வி. ஆக்ட்ல ஒண்ணு, ஜீவனாம்சத்துக்கு ஒண்ணு, டைவர்ஸ் ஒண்ணு. நாலு பக்கமும் போட்டா பய தன்னால வந்து கால்ல விழுவான்." டி.வி. ஆக்ட் என்றால் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். பெரியப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நான் வேலை பார்ப்பதைச் சொன்னதும் வக்கீல் முகம் சுளித்தார். "வேலையில இல்லன்னே போட்டுருவோம்மா. சம்பளம் இருக்குன்னா ஜீவனாம்சம் குறைஞ்சிரும்." ஃபீஸ் பற்றிக் கேட்டதற்கு, "நம்ம பொண்ணு, என்ன பெருசா. இப்ப அட்வான்ஸ் கொடுங்க, மிச்சம் வர்றதுல பத்து பர்சன்ட்னு பாத்துக்கலாம்" என்றார். வக்காலத்தில், அதாவது எனக்காக வழக்காட அவருக்கு அதிகாரம் தரும் பத்திரத்தில், கையெழுத்து வாங்கினார். கூடவே நாலைந்து வெற்றுத் தாள்களையும் நீட்டினார். அவசரத்துக்கு உதவுமாம். "எழுதினதும் சொல்லுங்க சார், வந்து படிச்சுட்டுப் போடுறேன்" என்றேன். வெளியே வந்த பிறகு பெரியப்பா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்தப் பத்து பர்சன்ட் பேச்சு விதிப்படியே கூடாதது என்று பின்னால்தான் தெரிந்தது. வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதையும், கிடைக்கிற தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. வேலையை மறைக்கும் யோசனை இன்னும் ஆபத்து. 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேகா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்சம் கேட்டு வருகிற வழக்குகளில் கணவன், மனைவி இருவருமே வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டது. என் சம்பளமோ மாதாமாதம் வங்கிக் கணக்கில் விழுகிறது. அதை இல்லை என்று சத்தியம் செய்து எழுதினால் மாட்டிக்கொள்வது நான்தான், வக்கீல் அல்ல.

சில வாரங்கள் கழித்து மனு டிராஃப்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. ஆங்கிலத்தில் பன்னிரண்டு பக்கம். அதன்படி என் கணவர் ஒரு மொடாக்குடிகாரர். தினமும் ராத்திரி குடித்துவிட்டு வந்து என்னை பெல்ட்டால் அடித்தார். எங்களுக்கு ஒரு மகன்.

என் கணவர் காபிகூடக் குடிக்க மாட்டார். எங்களுக்கு இருப்பது மகள்.

யாரோ ஒரு பெண்ணின் மனுவில் பெயரை மட்டும் மாற்றி எனக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று புரிய அதிக நேரம் ஆகவில்லை. என் வீட்டில் நடந்தது வேறு. என் ஏ.டி.எம். கார்டு மாமியாரின் பீரோவில் இருந்தது. பஸ்ஸுக்குக் காசு கேட்டு வாங்க வேண்டும். சண்டை என்று வந்துவிட்டால் என் கணவர் மாதக்கணக்கில் என்னிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார். மகளிடம் "அம்மாகிட்ட சொல்லு" என்று சொல்லி அனுப்புவார். இவை எதுவும் அந்தப் பன்னிரண்டு பக்கத்தில் இல்லை. ஃபோன் செய்து கேட்டபோது வக்கீல் அலுத்துக்கொண்டார். "டைவர்ஸ் பெட்டிஷன்னா இப்படித்தாம்மா இருக்கும். குடி, அடி இல்லாம எந்த ஜட்ஜ் குடுப்பாரு?"

குடுப்பார் என்பதுதான் பதில். இந்து திருமணச் சட்டம் 1955-இன் 13-ஆவது பிரிவில் கொடுமை என்று இருப்பது மனரீதியான கொடுமையையும் சேர்த்துத்தான். ஆனால் எழுதியதை நிரூபிக்க வேண்டும். மனுவில் இருப்பதை நாமே பிரமாண வாக்குமூலமாகக் கொடுத்து, கூண்டில் ஏறி, எதிர்த் தரப்பு வக்கீலின் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டும். "உங்க கணவர் எந்தக் கடையில வாங்கிக் குடிச்சாரு? எந்த டாக்டர்கிட்ட காயத்தைக் காட்டினீங்க?" என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? ஒரு பொய் உடைந்தால் அந்த ஏ.டி.எம். கார்டு கதையையும் யாரும் நம்ப மாட்டார்கள். போலீஸ் புகாரும் அப்படித்தான். 2013-இல் சீனிவாச ராவ் எதிர் தீபா வழக்கில், மனைவி கொடுத்த பொய்ப் புகாரே கணவனுக்கு இழைத்த மனக்கொடுமை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாலு பக்கமும் போட்டால் நாலில் ஒன்று திரும்பி நம்மையே குத்தும். நிஜமாகவே அடி வாங்கிய பெண் மகளிர் காவல் நிலையத்துக்குப் போகத்தான் வேண்டும், குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவும் கேட்கத்தான் வேண்டும். நடக்காததை எழுதக் கூடாது என்பதைத்தான் சொல்கிறேன்.

இதற்கிடையில் நான் அந்த அறையில் சொன்ன ஒரு விஷயம், யாரிடமும் சொல்லாத விஷயம், ஒரு சீமந்த வீட்டில் அத்தை வாயிலிருந்து என் காதுக்கே திரும்பி வந்தது. கட்சிக்காரர், அதாவது தன்னிடம் வழக்கை ஒப்படைத்தவர், சொன்னதை வெளியே சொல்லாமல் இருப்பது வக்கீலின் சட்டபூர்வமான கடமை. ஆனால் அவர் என்னைக் கட்சிக்காரராகவே நினைக்கவில்லை. அவருக்குக் கட்சிக்காரர் பெரியப்பா. நம்மாளு வக்கீலில் இருக்கிற உண்மையான சிக்கல் இதுதான் என்று நினைக்கிறேன். அவர் நல்லவராகவேகூட இருக்கலாம். நாளைக்குச் சமரசம் பேச வேண்டி வந்தால், நமக்கு வேண்டியதைப் பேசுவாரா, சொந்தத்துக்குள் தன் முகம் கெடாததைப் பேசுவாரா? குடும்ப வழக்குக்குக் குடும்பத்துக்கு வெளியே இருந்துதான் ஆள் பிடிக்க வேண்டும்.

கரூர் வக்கீலிடம் கேஸ் கட்டைத் திருப்பிக் கேட்டேன். முன்பணம் போனது போனதுதான். மனு தாக்கலாகாததால் வக்காலத்தைக் கிழிப்பதோடு விவகாரம் முடிந்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது மாற்றுவதானால் கொஞ்சம் வேலை இருக்கிறது. எங்கள் பள்ளியிலேயே ஒரு டீச்சர் மாற்றினார். பழைய வக்கீலிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி, புது வக்கீல் மாற்று வக்காலத்து போட வேண்டும். பழையவர் கையெழுத்துப் போட மறுத்தால் நீதிமன்றத்திடம் அனுமதி கேட்டு மனுப் போடலாம். அந்த டீச்சருக்கு அப்படித்தான் ஆனது. "பாக்கி ஃபீஸைக் கட்டிட்டு ஃபைலை எடுத்துட்டுப் போ" என்று சொல்லி, கல்யாண ஆல்பம் முதல் நகை பில் வரை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டார் பழைய வக்கீல். ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் ஆவணங்களைப் பிடித்து வைக்கும் உரிமை வக்கீலுக்கு இல்லை என்று 2000-ஆம் ஆண்டே ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பாக்கி இருந்தால் அவர் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் புகார் கொடுக்கப் போகிறேன் என்று டீச்சர் எழுதி அனுப்பிய பிறகு ஃபைல் வந்து சேர்ந்தது. அதைவிட நல்லது, அசலை யாரிடமும் கொடுக்காமல் நகல் மட்டும் கொடுப்பது. அசல் தாக்கலாகிற அன்று நாமே கொண்டுபோகலாம்.

அடுத்த ஆளை எங்கே தேடுவது? வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆகவே "விவாகரத்து ஸ்பெஷலிஸ்ட், 30 நாளில் தீர்வு" என்று எங்கேயாவது பார்த்தால் அந்த விதியை மீறித்தான் அது உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் முதலில் போனது நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு. அது ஏழைகளுக்கு மட்டும்தான் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில், பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. எந்தப் பெண்ணும் இலவசமாக வக்கீல் கேட்டு மனுக் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்றிருப்பார் என்ற பேச்சு இருக்கிறது. சிலர் அப்படி இருக்கலாம். காசு வாங்கும் வக்கீல்களிலும் அப்படிச் சிலர் இருக்கிறார்கள். நான் கடைசியில் சொந்தமாக வக்கீல் வைத்துக்கொண்டேன் என்றாலும், என் வழக்கை எந்த ஊரில் போடலாம் என்று எனக்கு முதலில் விளக்கியது அந்த அலுவலகத்தில் இருந்தவர்தான். கல்யாணம் நடந்த இடம், கடைசியாகச் சேர்ந்து குடியிருந்த இடம், எதிர்த் தரப்பு வசிக்கும் இடம் இவற்றோடு, 2003-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, மனைவி மனுதாரராக இருந்தால் அவள் இப்போது வசிக்கும் இடத்திலும் போடலாம். கரூர் வக்கீல் கரூரில் போடுவதாகச் சொன்னது சட்டப்படி சரி. சௌகரியம் அவருக்கு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறப் போவது நான்.

அப்புறம் நான் செய்த காரியம், திருச்சி குடும்ப நல நீதிமன்ற வராந்தாவில் போய் நின்றது. விசாரணை நடக்கும் அறைக்குள் நம்மை விட மாட்டார்கள். ஆனால் வராந்தாவிலேயே பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. எந்த வக்கீல் தன் கட்சிக்காரரை உட்கார வைத்து இன்றைக்கு என்ன நடக்கும் என்று சொல்கிறார், எந்த வக்கீலுடைய கட்சிக்காரர் பத்து மணியிலிருந்து கையில் ஃபோனை வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார், யார் எப்போதும் ஜூனியரை அனுப்பி டைம் வாங்கிக்கொண்டு போகிறார். ஒரு அம்மா என்னிடம், "எனக்கு வக்கீல் பேரே மறந்துபோச்சும்மா, குமாஸ்தா நம்பர்தான் இருக்கு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வழக்கு முடிந்தவர்களிடம் விசாரிக்கும்போது ஜெயிச்சீங்களா என்று கேட்டுப் பயன் இல்லை. விவாகரத்தில் ஜெயிப்பது என்றால் என்ன என்று அவரவருக்கே தெரிவதில்லை. ஃபோன் செய்தால் எடுப்பாரா, வாய்தாவில் என்ன நடந்தது என்று சொல்வாரா, பேசிய ஃபீஸுக்கு மேல் கேட்டாரா என்று கேட்டால் மனம் திறந்து பேசுகிறார்கள்.

எனக்கு ஆள் காட்டிக் கொடுத்தது நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கும் ஒரு டைப்பிங் சென்டர்காரர். எந்த வக்கீல் பழைய மனுவை எடுத்துப் பெயர் மாற்றுகிறார், யார் சொந்தமாக எழுதுகிறார் என்பது அவர்களுக்கு அத்துப்படி. ஏதோ நகல் எடுக்கப் போன இடத்தில் பேச்சு வந்தபோது, ஒரு வக்கீல் மேடத்தைப் பற்றி அவர் குறையாகச் சொன்னார்: "அவங்களோடது ரொம்பத் தொல்லைங்க. ஒரே பெட்டிஷனை நாலு தடவை திருத்துவாங்க. கமா போச்சுன்னு திருப்பி அனுப்புவாங்க." நான் உடனே நம்பர் வாங்கிக்கொண்டேன்.

மேடத்தின் அலுவலகம் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சின்ன அறை. முதல் சந்திப்புக்கு 500 ரூபாய் என்று ஃபோனிலேயே சொல்லிவிட்டார். அம்மா வெளியே இருக்கட்டும், நீங்கள் மட்டும் வாருங்கள் என்றார். நான் பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் நிறுத்தி, "டீச்சர், கதையா வேண்டாம். தேதி வாரியா சொல்லுங்க. கல்யாணம் எப்ப, தனிக்குடித்தனம் எப்ப, கடைசியா சேர்ந்து இருந்தது எப்ப" என்று கேட்டு ஒரு நீளத் தாளில் எழுதிக்கொண்டே போனார். தேதி தெரியாத இடங்களில் கோடு போட்டார். வீட்டுக்குப் போய் வங்கி பாஸ்புக், பள்ளி வருகைப் பதிவு, பழைய வாட்ஸ்அப் எல்லாம் பார்த்து அந்தக் கோடுகளை நிரப்பி வரச் சொன்னார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "அவர் பக்கத்துல இருந்து உங்க மேல என்னென்ன சொல்வாங்க?"

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. காசு கொடுத்து வந்திருக்கிறேன், என்னையே குற்றவாளி மாதிரி கேட்கிறாரே என்றிருந்தது. ஆனாலும் சொன்னேன். கோபத்தில் நான் அனுப்பிய சில மெசேஜ்கள், ஒரு தடவை மாமியார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாதது, சொல்லாமல் அம்மா வீட்டுக்கு வந்தது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "இதெல்லாம் நான் முதல்ல கூண்டுலதான் கேக்கப் போறேன்னா உங்களுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்" என்றார். வக்கீலைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரே ஒரு சோதனை வைக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். முதல் நாளே நமக்குப் பிடிக்காத கேள்வியைக் கேட்கிறாரா என்று பாருங்கள். நம் பேச்சுக்கெல்லாம் தலையாட்டி, எதிர்த் தரப்பை இரண்டு வார்த்தை திட்டி அனுப்புகிறவரிடம் போனால் மனசுக்கு ஆறுதலாகத்தான் இருக்கும். ஆறுதலுக்கு அக்கா, தங்கை போதும்.

இன்னொரு கேள்வியும் கேட்டார். "உங்களுக்கு என்ன வேணும்?" விவாகரத்து என்றேன். "அது சரி. அதுக்கப்புறம்?" மகள் என்னோடு இருக்க வேண்டும், நகை திரும்ப வேண்டும், மகள் படிப்புக்கு அவர் பணம் தர வேண்டும் என்று யோசித்து யோசித்துச் சொன்னேன். வரிசைப்படுத்தச் சொன்னார். ஒன்றை விட்டால்தான் மற்றது நடக்கும் என்றால் எதை விடுவீர்கள் என்று கேட்டார். கரூர் திட்டத்தில் எதிரியை என்ன செய்வது என்பது மட்டும்தான் இருந்தது. எனக்கு என்ன வேண்டும் என்பது அந்த அறையில் யாருக்கும் தோன்றவே இல்லை.

எவ்வளவு நாளாகும் என்றதற்கு, "சொல்ல மாட்டேன்" என்றார். எதிர்த்து நடத்தினால் வருடங்கள் ஆகலாம். பரஸ்பர சம்மதம் என்றால் சீக்கிரம் முடியும். ஜீவனாம்சமாக எவ்வளவு வரும் என்பதற்கும் தொகை சொல்லவில்லை. என் சம்பளம், அவர் சம்பளம், மகள் செலவு இவற்றை வைத்து நீதிபதி முடிவு செய்வது அது.

ஃபீஸ் விஷயத்தில் நான் பேரம் பேசவில்லை, ஆனால் துருவித் துருவிக் கேட்டேன். மொத்தம் 60,000 ரூபாய். மனு தாக்கலுக்கு முன் ஒரு பங்கு, விசாரணை தொடங்கும்போது ஒரு பங்கு, முடிவில் மிச்சம். டைப்பிங், நோட்டரி, பேட்டா (எதிர்த் தரப்புக்குச் சம்மன் அனுப்பக் கட்டும் பணம்) எல்லாம் தனி, அதற்குக் கணக்கு உண்டு. இடைக்கால மனுக்களுக்குத் தனியாக ஃபீஸ் உண்டா? மனுவுக்கு எதிராக என் கணவர் இன்னொரு வழக்குப் போட்டால் அது இதில் சேருமா? மேல்முறையீடு? உயர் நீதிமன்றத்துக்கு வேறு வக்கீலா? வாய்தாவுக்கு நீங்கள் வருவீர்களா, ஜூனியரா? இதையெல்லாம் கேட்டால் கோபித்துக்கொள்கிற வக்கீல் பின்னால் இன்னும் அதிகமாகக் கோபித்துக்கொள்வார். மேடம் ஒரு தாளில் எழுதியே கொடுத்தார். பணம் எல்லாம் வங்கி வழியாகத்தான் கொடுத்தேன். குமாஸ்தா கையில் கொடுத்தது ஜெராக்ஸ் காசு மட்டும். கையில் வருமானம் இல்லாதவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்து திருமணச் சட்டம் 24-ஆவது பிரிவின்படி, வழக்கு நடக்கும் காலத்துக்கான ஜீவனாம்சத்தோடு வழக்குச் செலவையும் எதிர்த் தரப்பிடம் கேட்கலாம். கணவன் மனைவியிடம் கேட்கவும் அதில் இடம் இருக்கிறது.

மனுவைத் தமிழில் எழுதித் தரக் கேட்டேன். கீழமை நீதிமன்றங்களில் தமிழிலேயே தாக்கல் செய்யலாம். ஒவ்வொரு பத்தியையும் நான் படித்து, ஓரத்தில் டிக் போட்டு, தப்பான இடங்களில் குறித்துக் கொடுத்தேன். நோட்டு திருத்துகிற பழக்கம் கைகொடுத்தது. ஏ.டி.எம். கார்டு வந்துவிட்டது, தேதியோடு. பேசாமல் இருந்த மாதங்களும் வந்துவிட்டன.

குடும்ப நல நீதிமன்றத்தில் ஒரு விசேஷம் உண்டு. 1984-ஆம் ஆண்டின் சட்டப்படி அங்கே வக்கீல் வைத்துக்கொள்வது நம் உரிமை அல்ல, நீதிமன்றம் அனுமதித்தால்தான். நடைமுறையில் அனுமதி மனுப் போட்டால் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் கவுன்சிலிங்கில் வக்கீல் இல்லாமல் நாமேதான் உட்கார வேண்டும். அதனால் நமக்குப் பதிலாகப் பேசுவதில் கெட்டிக்காரரைவிட, நம்மைப் பேசத் தயார்படுத்துகிறவர்தான் இங்கே உபயோகம். கவுன்சிலிங்குக்கு முந்தின நாள் மேடம் என்னிடம் சொன்னது: "குழந்தைக்காகச் சேர்ந்து இருங்கன்னு கண்டிப்பா சொல்வாங்க. கோபப்படாதீங்க. அது அவங்க வேலை. யோசிச்சு எடுத்த முடிவுன்னு ஒரு தடவை நிதானமா சொல்லுங்க, போதும்." அப்படியே நடந்தது.

வழக்கு எண் விழுந்ததும் சி.என்.ஆர். எண்ணை, அதாவது அந்த வழக்குக்கென்றே தரப்படும் அடையாள எண்ணை, கேட்டு வாங்குங்கள். பதினாறு இலக்கம். இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன ஆனது என்று நாமே பார்த்துக்கொள்ளலாம். "போன தடவை ஜட்ஜ் லீவும்மா" என்ற பதிலைச் சரிபார்க்கவும் அது உதவும். வக்கீல் பெயரைப் போட்டுத் தேடும் வசதியும் அதில் இருக்கிறது. குறிப்பிட்ட நீதிமன்றத்தில் ஒருவர் உண்மையிலேயே வழக்கு நடத்துகிறாரா என்று வக்காலத்து போடும் முன்பே பார்த்துவிடலாம்.

எதிர்த் தரப்பு பதிலுரை போட்ட பிறகு சமரச மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பேச்சு படிந்து, பரஸ்பர சம்மத விவாகரத்தாக மாறியது. ஒரு வருடம் பிரிந்திருந்தால் இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவில் இருவரும் சேர்ந்து மனுப் போடலாம். அதன் பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் வந்த தீர்ப்புக்குப் பிறகு, நீண்ட காலம் பிரிந்திருந்து, எல்லா விஷயங்களும் பேசித் தீர்ந்திருந்தால், அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம். எங்களுக்குச் செய்தார்கள்.

இரண்டு பேரும் சம்மதித்த பிறகு வக்கீல் எதற்கு, இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் ஒரே வக்கீல் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. என் அனுபவத்தில் வக்கீல் ரொம்பத் தேவைப்பட்டது இந்த இடத்தில்தான். அவர்கள் தரப்பு எழுதி வந்த ஒப்பந்தத்தில் "நகைகள் பின்னர் ஒப்படைக்கப்படும்" என்று ஒரு வரி இருந்தது. எனக்கு அது சாதாரணமாகத்தான் பட்டது. மேடம் அந்தப் "பின்னர்" மேல் பேனாவை வைத்து, எந்தத் தேதி, எந்த இடம், யார் முன்னிலையில் என்று கேட்டார். நகை ஒவ்வொன்றும் எடையோடு பட்டியலாக ஒட்டப்பட்டது. முப்பத்திரண்டு பவுனுக்கும் கல்யாணத்தில் எடுத்த ஃபோட்டோவும் பழைய பில்களும் இருந்ததால் அதில் வாக்குவாதம் அதிகம் வரவில்லை. தொகையில் ஒரு பகுதி முதல் வாக்குமூலத்தன்று, மிச்சம் கடைசி வாக்குமூலத்தன்று டி.டி.யாக, நீதிபதி முன்னால். தீர்ப்பு வரும்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதால் அப்படிப் பிரித்தார். "குழந்தைக்கு இனி எதுவும் கேட்க மாட்டேன்" என்ற வரியை அடித்தார். குழந்தையின் உரிமையை அம்மா எழுதிக்கொடுத்துவிட முடியாதாம். மகளை அவர் பார்ப்பது மாதத்தில் எந்த ஞாயிறு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, மே மாத லீவில் எத்தனை நாள், பாஸ்போர்ட் எடுக்க யார் கையெழுத்து, பள்ளி ஃபீஸை நேரடியாகப் பள்ளிக்கே கட்டுவது எல்லாம் ஏறியது. கூண்டில் பெல்ட் கதை சொல்லியிருந்தால் இந்தப் பேச்சுவார்த்தைக்கு அவர் வந்து உட்கார்ந்திருக்கவே மாட்டார்.

நடுவில் ஒருமுறை பெரியப்பா, ஊரில் பேசி பத்திரத்தில் எழுதி அத்துவிட்டுவிடலாமே, இவ்வளவு அலைச்சல் எதற்கு என்றார். நோட்டரி முத்திரை போட்ட பத்திரம் விவாகரத்து ஆகாது. அந்தச் சாதியில் அப்படி ஒரு வழக்கம் காலம்காலமாக உண்டு என்று நிரூபித்தாலொழிய, அந்தக் காகிதத்தை நம்பி மறுமணம் செய்தவர்கள் பின்னால் படாத பாடு படுகிறார்கள். வராந்தாவில் அப்படி ஒருவரையும் பார்த்தேன்.

நான் எழுதியது இந்து திருமணச் சட்டத்தை வைத்து. கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம், பதிவுத் திருமணம் செய்த கலப்பு மணத் தம்பதிகளுக்குப் பெரும்பாலும் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம், முஸ்லிம்களுக்கு வேறு. பிரிவுகளும் காத்திருக்கும் காலமும் மாறும். வக்கீலைப் பார்க்கும்போது, இந்தச் சட்டத்தில் நீங்கள் எத்தனை வழக்கு நடத்தியிருக்கிறீர்கள் என்று கேட்டுவிடுங்கள். பெண் வக்கீலா ஆண் வக்கீலா என்பதும் கேட்கிறார்கள். சில விஷயங்களைப் பெண்ணிடம் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது, அவ்வளவுதான். எதிர்த் தரப்பு வக்கீலும் பெண்தான். அவர் பதிலுரையில் என்னைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தால் அந்தக் கேள்வியே உங்களுக்கு வராது.

தீர்ப்பு வந்ததும் கடைசித் தவணையைக் கொடுத்துவிட்டு விடைபெறலாம் என்று போனால், மேடம் இன்னும் இரண்டு மனுவில் கையெழுத்து வாங்கினார். ஒன்று சான்றிட்ட நகலுக்கு. ஒன்றுக்கு மேற்பட்ட நகல் கேட்டுப் போடச் சொன்னார். பாஸ்போர்ட் அலுவலகம், வங்கி, மகளின் பள்ளி என்று ஒவ்வொரு இடத்திலும் அது தேவைப்படும். இன்னொன்று, தாக்கல் செய்த அசல் ஆவணங்களைத் திரும்பப் பெறுவதற்கு. யாரும் கேட்காவிட்டால் அவை கட்டோடு ரெக்கார்டு ரூமுக்குப் போய்விடும். நகல் வர மூன்று வாரம் ஆனது. டைப்பிங், ஸ்டாம்ப் எல்லாம் சேர்த்து 340 ரூபாய் என்று குமாஸ்தா சீட்டில் எழுதிக் கொடுத்தார்.